மாற்றத்துக்குக் காரணம்

"கூரைச் சரிவை அந்தப் பக்கம் திருப்பும்மா. மழைத் தண்ணி மொத்தமும் என் தம்பி வாசல்லதான் கொட்டணும்."

கம்ப்யூட்டரில் வீட்டுப் படம் போடும் பெண், கூரையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். திரையில் கூரை சாய்ந்தது.

"சிலாப்பையும் ரெண்டடி நீட்டு. அவன் ஜன்னலுக்கு வெளிச்சமே போகக் கூடாது."

"கூடப் பிறந்தவரா சார்?"

"கூடப் பிறந்த சனியன்! மூஞ்சியில முழிக்கப் பிடிக்காம அவன் கல்யாணத்துக்கே நான் போகல."

"படத்தை மாத்தினா காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடணும் சார். ஆபீஸ் வழக்கம்."

'தம்பி வீடு நனையணும், இருட்டாகணும்' என்று அவர் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மனசு குளிர்ந்தது.

அவள் ஒரு நகலை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அது யாருக்கு?"

"எங்க வக்கீலுக்கு. எங்க கல்யாணத்துக்கு வந்திருந்தா என்னை அடையாளம் தெரிஞ்சிருக்கும், அத்தான்."