பலகையில் ஒன்று

மலை உச்சி இருளர் பதிக்குச் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டத்தை மதிப்பிட வந்திருந்தாள் தாட்சாயணி. ஊர் முகப்பிலிருந்த பலகை, எல்லைக்குள் மூச்சு விடும் எல்லோரையும் தானாகவே அளந்து, எத்தனை பேருக்குச் சர்க்கரை என்று காட்டும். பூஜ்யம் என்றது. அவளுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. தன்னுடைய சர்க்கரையே எல்லைக்கோட்டில் நிற்பதைக்கூட மறந்துபோனாள்.

வீட்டுக்கு வீடு தேன் ஊற்றிய கடுங்காப்பி. வேண்டாமென்றால் முகம் வாடினார்கள். கடைசியாக மசணி என்பவள் வீட்டில் பலாச்சுளை வேறு. வெளியே வந்தால் பலகை ஒன்று என்றது.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க மேடம்," என்றாள் மசணி கூசாமல். "நாங்க இனிப்பைத் தொட்டே வருசமாச்சு. ஆனா பூஜ்யம்னு போட்டா, நோயில்லாத ஊருக்கு எதுக்குன்னு டாக்டர் வண்டிய நிறுத்திருவாங்க. பாம்பு கடிச்சா நாங்க எங்க போறது? போன வருசம் வந்த சாரும் இப்படித்தான் காப்பாத்துனாரு."

தாட்சாயணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அறிக்கைக்குப் படம் பிடிக்கக் கருவியைத் தூக்கினாள். அவள் சர்க்கரை மறுபடி எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது போலும், பலகை கண் சிமிட்டிவிட்டுப் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஊரே மூச்சைப் பிடித்து நின்றது.

அவள் கருவியைத் தாழ்த்தினாள்.

"மசணி, அந்தப் பலாச்சுளை இன்னும் இருக்கா?"