தொரையின் பாய்ப்படகு

சீமையிலிருந்து வந்த தொரையின் பாய்ப்படகு, தேயிலைத் தோட்டத்துக் குளத்தில் கரையோரமே தரைதட்டி நின்றது. அடியில் தொங்கிய இரும்புக் கட்டைதான் இடித்தது.

"கட்டையைக் கழட்டிடலாமா கங்காணி?"

"ஆமாங்க தொர," என்றார் காத்தமுத்து கங்காணி. தொரைமாருக்கு அவர் வேறு பதில் சொன்னதே கிடையாது.

தச்சு வேலை அழகிரி அவர் காதைக் கடித்தான். "அந்தக் கனம் இல்லாட்டி, காத்தடிச்சா கவுந்துடுங்க."

"முழுகப்போறது தொரதானே, ஒனக்கென்ன? வாயப் பொத்திக்கிட்டுக் கழட்டுடா."

கழட்டியதும் படகு தக்கையாக மிதந்தது. வேடிக்கை பார்க்கத் தொழிலாளர் லயமே கூடியது. அப்புத்தளை மலைப் பக்கமிருந்து காற்றும் கிளம்பியது.

தொரை காற்றைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார்.

"மொதல்ல நீ ஓட்டிப் பாரு. நீச்சல் தெரியுமில்ல?"

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியறியாத கங்காணி, கைகட்டிக் குனிந்தார்.

"ஆமாங்க தொர."