நூற்று அறுபது டெசிபல்

பூபதி பல் துலக்கினான், காபி குடித்தான், காரில் ஏறினான்.

"பெல்ட் போட்டாச்சுங்களா?" என்றது கார், அவன் மனைவி சுகந்தியின் குரலில். அவள் இறந்தபின் இந்த இரண்டு ஆண்டுகளாகக் கார்தான் அவள் குரலைப் பழகிக்கொண்டு அப்படிப் புதிது புதிதாகப் பேசுகிறது. எது அவள் நிஜமாகச் சொன்னது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

கோவையில் அதிகச் சத்தம் எழுப்பும் காருக்கான போட்டி. பாட்டு கூடாது, மனிதக் குரல்தான் ஒலிக்க வேண்டும். பூபதியின் கார் வாயைத் திறந்ததுமே நடுவர் கையை விரித்தார்.

"கார் பேசுனது செல்லாதுங்ணா. அவங்களே பேசுனது இருந்தாப் போடுங்க."

காரின் பதிவுகளைத் துழாவி, சுகந்தி கடைசியாகப் பேசியதை எடுத்தான். உள்ளே அளக்கும் சத்தம் வெளியே கசியாமல், மைதானத்துக்கு வந்திருந்த நண்பர்கள் கதவுகளை உடம்பால் அழுத்திக்கொண்டார்கள்.

நூற்று அறுபது டெசிபல். முதல் பரிசு. பூபதி கோப்பையைப் பார்க்கவில்லை. மைதானமே அதிர அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்:

"தக்காளி வாங்கிட்டு வாங்க. போன தடவையாட்டம் அழுகுனத அள்ளிட்டு வந்துராதீங்க."