மேல்மூடி

பதினொன்று ஐந்துக்கு அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டு செங்கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. பெரிய பெரிய கட்டடங்களைத் திரையில் வரைகிறவர்களுக்கு என்று அவள் வடிவமைத்த கம்ப்யூட்டர். உள்ளே நான்கு துண்டுகள். எது கெட்டாலும் அதை மட்டும் டிராயரைப் போல இழுத்து மாற்றிவிடலாம். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

பதினோரு மாத உழைப்பு.

சோதனைக்காக இந்த வரைபட அலுவலகத்துக்கு மூன்று பெட்டிகள் கொடுத்திருந்தார்கள். மூன்றும் தினமும் பன்னிரண்டரை வாக்கில் கொதித்து, அணைந்து போயின. மதியத்துக்கு மேல் திரும்பப் போட்டால் சாயங்காலம் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

கம்பெனிக்கு எடுத்துப் போனால் மூன்றும் சமர்த்தாக ஓடின. நாற்பத்தைந்து டிகிரி அறையில் ஓடின. தூசியில் ஓடின. கரண்ட் ஏறி இறங்கியபோதும் ஓடின.

சர்வீஸ் ஆட்கள் நான்கு முறை இங்கே வந்து பார்த்தார்கள். நான்கு முறையும் மாலையில்தான் வந்தார்கள்.

இன்று நாலு மணிக்கு அச்சுப் பட்டறைக்குப் பதில் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் பெட்டியின் பிளாஸ்டிக் கூட்டை வார்க்க அச்சு வெட்டுவார்கள். தெரியாவிட்டால் அவள் பெட்டியை மூட்டை கட்டிவிட்டு, பிரிக்கவே முடியாதபடி ஒட்டி மூடிய வெளிநாட்டுப் பெட்டியை வரவழைத்து, பெயரை மட்டும் ஒட்டி விற்பார்கள். முதலாளி முடிவெடுத்துவிட்டார்.

அதனால்தான் காலையிலேயே வந்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். காரணம் தெரியாமல் எழுந்திருப்பதாக இல்லை.

பதினொன்று இருபது.

ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பதினொன்றரை.

அந்த மேசைக்காரி கோகிலவாணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பைக்குள் விட்டாள். எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்தாள். பெட்டியின் மேல் வைத்தாள்.

காற்றுத் துளைகளின் நட்டநடுவில்.

அடுத்த மேசையிலும் ஒரு டப்பா ஏறியது. அதற்கடுத்த மேசையிலும்.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

கோகிலவாணி அப்போதுதான் அவளைப் பார்த்தாள்.

"இந்த ஏசியில சோறு சில்லுனு ஆயிருதுங்க மேடம். இது மேல வெச்சா ஒரு மணிக்கு இப்பத்தான் வடிச்ச மாதிரி இருக்குமுங்க. பழைய கம்ப்யூட்டரு மேசைக்குக் கீழ கெடந்துச்சு. உங்க பொட்டிதான் வாட்டமா இருக்குது."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்து சிரிப்பு. இரண்டும் அடங்கியபின் வெட்கம் வந்தது. அது அடங்கவில்லை.

பதினோரு மாதமும் அந்தப் பெட்டியின் மேல் யாரையும் ஒரு தாள்கூட வைக்க விட்டதில்லை. பேனா வைத்த பையனை ஒரு நாள் முழுக்கத் திட்டியிருக்கிறாள். சின்னதாக, தட்டையாக, கைக்கு எட்டும் இடத்தில், வெதுவெதுப்பாக ஒன்றைச் செய்து கொடுத்தால் மனுஷர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வராந்தாவுக்குப் போய் முதலாளியை அழைத்தாள். சொன்னாள்.

அவர் வெகுநேரம் சிரித்தார். "அப்ப டிசைன் சரிதான். அப்படியே அச்சு வெட்டச் சொல்லிடறேன். மேல எதுவும் வைக்கக் கூடாதுன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடு."

பெட்டி பிழைத்துவிட்டது. அவள் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். மூன்று டப்பாக்கள்.

"ஸ்டிக்கர் மேலயே டப்பா உட்காரும் சார். துளையெல்லாம் பக்கவாட்டுக்குப் போகணும். மேல்மூடியை மாத்தி வரையறேன்."

சிரிப்பு நின்றது. "நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. மூடி வரலைன்னா நான் பொட்டியையே விட்டுருவேன்."

"வந்துரும் சார்."

பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருந்தது. உள்ளே வந்து, லேப்டாப்பைத் திறந்து ஸ்டூலில் வைத்தாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மேல்மூடியின் இருநூற்றுப் பத்துத் துளைகளையும் ஒரே தட்டில் அழித்தாள். அவற்றை ஒழுங்காக அடுக்க அவளுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

பக்கவாட்டில் திறப்பு. விசிறியைத் திருப்பிப் போட்டாள். நான்கு துண்டுகளில் ஒன்றுகூட இடம் மாற வேண்டியிருக்கவில்லை. அந்த மட்டில் அவளுக்குத் தன்மேல் கொஞ்சம் பிரியம் வந்தது.

மூடி இப்போது வெறும் பலகையாக இருந்தது. வேலை முடிந்த மாதிரிதான்.

முடியவில்லை.

எழுந்து போய் கோகிலவாணியின் டப்பாவைத் தூக்கினாள்.

கோகிலவாணியின் முகம் சுருங்கியது. "இனிமே வெக்கக் கூடாதுங்களா?"

அவள் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து டப்பாவின் அடிப்பகுதியை அளந்தாள். அடுத்த மேசைக்குப் போனாள். அதற்கடுத்த மேசைக்கும்.

மூன்றில் பெரியது பதினான்கு சென்டிமீட்டர்.

திரும்ப வந்து உட்கார்ந்தாள். மூடியின் நடுவில் லேசாகப் பள்ளமாக ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் மட்டும் பிளாஸ்டிக் வேண்டாம், சூடு ஏறுகிற அலுமினியத் தகடு என்று குறித்தாள்.

விட்டம் என்ற இடத்தில் பதினான்கரை என்று எழுதினாள்.