மோதிர விரலில் ஒரு பட்டை

கட்டிலை ஒட்டிய மேசையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சர்க்யூட் போர்டு கிடக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இரண்டு ஒயர்கள், பக்கவாதத்தில் விழுந்துவிட்ட மனைவியின் மோதிர விரலில் சுற்றிய மெல்லிய பட்டைக்குப் போகின்றன. விரல் துளி வளைந்தாலும் போர்டிலுள்ள சிவப்பு விளக்கு எரியவேண்டும். அசைவு தெரிந்தால் மேற்கொண்டு சிகிச்சை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் லாரி ஓட்டுநர் மறுபடியும் லேப்டாப்பைத் தட்டுகிறார். யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் போட்டுவைத்த நிரலை வரிக்கு வரி அப்படியே எடுத்திருக்கிறார். ‘விளக்கு எரியாவிட்டால் இந்த எண்ணைக் குறைக்கவும்; குறையக் குறைய லேசான அசைவுக்கும் எரியும்’ என்கிறது கூடவே இருக்கும் குறிப்பு. காலையிலிருந்து குறைத்துக்கொண்டே வருகிறார். பட்டையைத் தன் விரலில் மாட்டினால் விளக்கு பளிச்சென்று எரிகிறது. அவள் விரலில் மாட்டினால், கல்லில் கட்டியது மாதிரி, எரிவதே இல்லை. “ஒயர்ல எங்கயோ லூஸ் கனெக்‌ஷன்,” என்கிறார். “ஒயரெல்லாம் நல்லாத்தான்பா இருக்கு,” என்கிறாள் மகள். அவர் எண்ணை ஒன்றாக்குகிறார். விளக்கு மினுங்குகிறது, அணைகிறது, மறுபடி மினுங்குகிறது. மனைவியின் கண்கள் அகல விரிந்து அதையே பார்க்கின்றன. கோணிய வாயோரம் சிரிப்பு போல ஏதோ கூடுகிறது. மகள் அண்ணாந்து சுழலும் மின்விசிறியைப் பார்க்கிறாள், பிறகு அந்தக் காற்றில் ஒயரோடு சேர்ந்து படபடக்கும் பட்டையின் நுனியை. அவள் கை சுவிட்சுக்குப் போகிறது. “ஃபேனை நிறுத்தாதம்மா,” என்கிறார் அவர், திரும்பிப் பார்க்காமலே. “அம்மாவுக்கு வேர்க்கும்.”