நகர்ந்து உட்காரும் தண்ணீர்

"தண்ணி ஒத்தையா இருந்தா ஒரு மாதிரியும், கூட்டமா இருந்தா வேற மாதிரியும் வெளிச்சத்தக் குடிக்குதாமே. ஏன்டி?"

உயர்தர வகுப்பில், அகச்சிவப்புக் கதிர் பாடம் நடந்த அன்று சிவசக்தி கேட்டாள்.

ஜீவராணி யாரோடும் பேசாதவள். சிவசக்தியோடு மட்டும் பேசுவாள்.

"நீ ஒத்தையா இருந்தா பெஞ்சுக்கு நடுவுல ஒக்காருவ. நான் வந்தா ஓரத்துக்குப் போயிருவ. பக்கத்துத் தண்ணி புடிச்சி இழுக்குதில்ல, அதுக்கும் வெளிச்சத்தக் குடிக்கிற எடம் மாறிப்போவும்."

அடுத்த மாதம் அவளுடைய அப்பா தேயிலை மலையில் சறுக்கி விழுந்தார். ஜீவராணியின் படிப்பு அதோடு நின்றது.

நான்கு வருடம் கழித்து இன்று, மடுல்சீமையில் அவள் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலைக்கு, பல்கலைக்கழகக் கெம்பசிலிருந்து சிவசக்தி வந்திருந்தாள். தேத்தூளின் ஈரத்தை அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் புது மீட்டரைச் சரிபார்க்க.

தூள் எடுத்துக் கொடுப்பது ஜீவராணி. தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். தன்னை அடையாளம் தெரியாமலே போய்விடட்டும் என்று நினைத்தாள். தெரிந்துவிடாதா என்றும் நினைத்தாள்.

"அக்கா, நீங்களும் ஒக்காருங்களேன்," என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிவசக்தி.

ஒரே வயதுக்காரியை அக்கா என்கிறாள். ஜீவராணி தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மூன்று மணி நேரம். அடுப்பில் உலர்த்திப் பார்த்த கணக்கும் மீட்டர் காட்டிய கணக்கும் ஒட்டவே இல்லை. பேனையைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

ஜீவராணிக்குக் காரணம் தெரிந்தது. மீட்டரை வெறும் தண்ணீருக்கு அமைத்திருக்கிறார்கள். தூளில் இருக்கும் தண்ணீரை இலை இழுத்துப் பிடித்திருக்கிறது. அது கதிரைக் குடிக்கும் இடம் நகர்ந்திருக்கும்.

தூளோடு வைக்கும் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினாள்: 'பெஞ்சு ஓரத்துக்குப் போயிருச்சு.'

சிவசக்தி வாசித்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. மீட்டரின் அமைப்பை மாற்றினாள். கணக்கு ஒட்டியது. சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வேன் வந்துவிட்டதென்று வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள்.

அப்போதுதான் ஜீவராணி பெஞ்சைப் பார்த்தாள். காலையிலிருந்து விழுந்த தேயிலைத் தூசி அதன் நீளத்துக்கும் கலையாமல் படிந்திருந்தது. ஓரத்தில், சிவசக்தி உட்கார்ந்திருந்த ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் பலகை தெரிந்தது.

ஒத்தையாக வந்தவள் உட்காரும் இடமில்லை அது.

மாஸ்க்கை இழுத்துக் கழற்றினாள். வாசல் வரைக்கும் போனாள்.

சிவசக்தி படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.