சந்தனம் காயாத தலை

போக்குவரத்துக் காவலர் ஹரிபாபு கண்டிப்பானவர். திருப்பதியிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில், தலைக்கவசம் அணியாது வரும் எவரையும் அவர் அபராதமின்றி விட்டதில்லை. திருமலையில் முடி காணிக்கை செலுத்திவிட்டுத் திரும்பும் மொட்டைத்தலையர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. "கோவிந்தா!" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

அன்று வந்த மொட்டைத்தலை இளைஞன், அவர் கை காட்டியதுமே வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, உரிமத்தைப் பணிவுடன் நீட்டினான். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கிற்று.

"எல்லாரும் இப்படி மரியாதையா நின்னா நான் ஏம்பா கத்தப்போறேன்? தர்சனம் பாகா அய்யிந்தா, சாமிய நல்லா பாத்தியா? போ, கோவிந்தா!"

"ஃபைன் போடுங்க சார்."

"சாமிக்கு முடி குடுத்த தலைக்கு ஃபைனா? பாவம்பா!"

"இது சாமிக்குக் குடுத்ததில்ல சார். எங்க நைனாவுக்குக் கொள்ளி வெக்க எடுத்த மொட்ட."

ஹரிபாபு திகைத்தார்.

"போன வாரம் நைனாதான் மலையில மொட்ட போட்டுக்கினு வந்தாரு. இங்கதான் நிறுத்தினீங்களாம். 'போலீஸ்காரு கும்பிட்டு அனுப்பிட்டாருடா'ன்னு போன்ல சிரிச்சாரு. நகரி வர்றதுக்குள்ள லாரி இடிச்சிடுச்சி. இதே ஹெல்மெட்டு அப்பவும் இப்படியேதான் தொங்கிக்கினு இருந்துச்சி. பாருங்க, ஒரு கீறல் இல்ல. அன்னிக்கு அவருக்குப் போடாத ஃபைன எனக்குப் போடுங்க சார்."

ஹரிபாபு அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்தார். தலைக்கவசத்தை எடுத்துத் தாமே அவன் தலையில் அணிவித்து, வாரைப் பூட்டினார்.

அடுத்த வண்டியில், சந்தனம் பூசிய மொட்டைத்தலையுடன் ஒருவர் கும்பிட்டபடியே வந்தார். ஹரிபாபு குறுக்கே சென்று நின்றார்.

"ஹெல்மெட்டு மாட்டினாத்தான் வண்டி நகரும், சாமி" என்றார் மெல்ல.